கறுப்பு போகத் தேய்த்தது

...இன்னும் கொஞ்சம் ஆப்பசோடா போட்டால்தான் என்ன, தடுக்க யார் இருக்கிறார்கள், என்று முனகிக்கொண்டே அவள் அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றினாள், வெள்ளிக் காசுகள் உள்ளே போனதும் நுரை பொங்கியது, அழுகிய முட்டை நாற்றம்... நாறட்டும். கொழுந்தன் சாயங்காலம் வரும்போது எல்லாம் ஜம்மென்று இருக்க வேண்டும். காலையில் போனில் என்ன சொன்னான், "அந்தக் காசெல்லாம் எடுத்து வைங்க அண்ணி, அது எங்க குடும்பத்துக் காசு." எங்க குடும்பமாம். அப்படியென்றால் இவள் யார், இத்தனை வருஷம் வாடகைக்கு இருந்தவளா? அண்ணன் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவனுக்கு இப்போது குடும்பம் ஞாபகம் வருகிறது. பழைய காசுக்கு மேலே படிந்த கறுப்புதான் மதிப்பு, தேய்த்துவிட்டால் வெறும் வெள்ளியாக எடைக்குத்தான் போகும், இது செத்துப்போன புருஷன் சொல்லிச் சொல்லி இவளுக்கு மனப்பாடம். கொழுந்தனுக்கு என்ன தெரியும், மினுக்கினால் போதும் அவனுக்கு. கொண்டுபோய் வியாபாரியிடம் நீட்டட்டும், அந்த ஆள் உதட்டைப் பிதுக்கட்டும், அப்போது இவன் மூஞ்சி போகும் போக்கைப் பார்க்க முடியாதே, அது ஒன்றுதான் குறை.

சோடாவுக்கு மசியாததற்கு எலுமிச்சையும் உப்பும், அதற்கும் மசியாததற்குப் பற்பசை. பிரஷ் அவருடையதுதான். தேய்க்கத் தேய்க்க காசிலிருந்த ராஜாவின் மூக்கு மழுங்கியது... கல்யாணமான புதிதில், சந்தோஷப்படுவாரென்று ஒரு காசைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தாள். திட்டக்கூட இல்லை. "உனக்கு எதைத்தான் தொடத் தெரியும்?" என்றார், மாமியார் முன்னால். அன்றிலிருந்து காசுப் பெட்டிச் சாவி அவர் சட்டைப்பையில். ஞாயிறு தவறாமல் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காசாகக் கொஞ்சுவார், அந்த லென்ஸை ஒரு நாளாவது இவள் பக்கம் திருப்பியிருப்பாரா? சே, செத்தவரைப் போய்... கை ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறது?

"என்ன அண்ணி, வீடே நாறுது?" திறந்திருந்த கதவு வழியே கொழுந்தன் வந்து நின்றான், முகம் தொங்கிப்போயிருந்தது. "காலைல வாய்க்கு வந்தத உளறிட்டேன். வீட்ல அவ காறித் துப்பாத குறை. காசெல்லாம் வேணாம் அண்ணி, நீங்களே வெச்சுக்குங்க." பிறகுதான் மேஜையைப் பார்த்தான். "ஐயையோ, தேச்சுட்டீங்களா! கறுப்புதானே அண்ணி இதுக்கு உயிரு! அண்ணன் பாத்தா செத்தே போயிருப்பான்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆக, இவனுக்கும் தெரியும். இனி இவனைப் பழிவாங்க ஒன்றுமில்லை. கிண்ணத்துக்கு வெளியே இன்னும் நனையாத ஒரே ஒரு காசு, கறுகறுவென்று. "இது ஒண்ணாவது அப்படியே இருக்கட்டும் அண்ணி," என்று கெஞ்சினான் அவன். விட்டுவிடலாம்தான், விடுவதற்கென்ன... அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பிரஷ்ஷில் பற்பசையைப் பிதுக்கினாள். தேய்ப்பது இவனுக்காக இல்லை, அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.