ஐந்தாம் வாரத்து எலுமிச்சை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை, மாங்காடு காமாட்சியம்மன் கோயில் வாசலில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் எலுமிச்சம்பழக் கடையில் நின்றிருந்தார்கள். ஒருத்தியின் கண் வீங்கியிருந்தது. அவளுக்கு அனுசுயா என்று பெயர் வைத்தேன். ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழிக்கு சுவேதா. கேட்காததை நானே நிரப்பினேன்.

2

முதல் தொடக்கம்: ஈசனை மணக்க அம்மன் ஐந்து தீயின் நடுவே, ஊசிமுனையில் ஒற்றைக் காலூன்றி

(அடித்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்.)

இரண்டாவது: சரண் வெள்ளிக்கிழமை புனேவுக்கு மாற்றலாகிப் போகிறான்.

இது இருக்கட்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம். அவனும் அனுசுயாவும் இரண்டு வருடமாக அடுத்தடுத்த மேசை. அவனிடம் சொல்ல முடியாததை அவள் அம்மனிடம் சொல்லத் தொடங்கினாள். ஆறு செவ்வாய், விடாமல். அர்ச்சகர் திருப்பித் தரும் எலுமிச்சையைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும். ஆறாம் வாரம் முடிந்தால் வாய் திறக்கும் தைரியம் வந்துவிடும் என்று நம்பினாள்.

3

ஐந்தாம் வாரத்துப் பழத்தைச் சுவேதா ஜூஸ் போட்டுவிட்டாள்.

"சாமி பழம்னு அதுல எழுதியா இருந்துச்சு?"

"குங்குமம் இருந்துச்சுல்ல."

"கழுவிட்டுத்தான்டி புழிஞ்சேன். நீயும்தானே குடிச்ச? சர்க்கரை பத்தலைன்னு வேற சொன்ன."

பழம் விற்கும் பஞ்சவர்ணம் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "விட்டுப்போச்சுன்னா மொதல்லேர்ந்து ஆறு வாரம் வாம்மா. இன்னா அவசரம்? அம்மா எங்க பூடப்போறா, இங்கதான் கீறா."

"அவன் போயிடுவான்க்கா."

"எவன்?"

சுவேதாதான் சொன்னாள். "வெள்ளிக்கிழமை ரயில், அக்கா."

"அத்த ஏன் என்னாண்ட சொல்லிகினு கீறீங்க? போன் கீதுல்ல?"

4

இங்கே எனக்கு அனுசுயாமேல் சந்தேகம். வேதியியல் படித்தவள் ஒரு எலுமிச்சையை இவ்வளவு நம்புவாளா? (நானும் வேதியியல்தான். அது இங்கே வேண்டாம்.)

தலபுராணத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் ஒன்று உண்டு. ஈசன் மாங்காட்டுக்கே வருகிறார். வேறொரு பக்தருக்குக் காட்சி தருகிறார். அம்மனைக் காஞ்சிக்குப் போகச் சொல்கிறார். அவள் அந்த ஐந்து தீயையும் அணைக்காமலே கிளம்பிவிடுகிறாள். ஊர் வெந்துபோகிறது. அந்த அவசரத்தில் கொஞ்சம் அனுசுயாவுக்குக் கொடுக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

5

முடிவு ஒன்று: அவள் புதுப் பழம் வாங்கி முதல் வாரத்திலிருந்து தொடங்குகிறாள். சரண் இல்லாத ஆறு செவ்வாய்கள். நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: வரிசையிலிருந்து விலகிப் போன் செய்கிறாள். இரண்டாவது மணியிலேயே எடுக்கிறான்.

"சொல்லு அனு."

அவள் மூச்சை இழுத்து

(அடித்துவிட்டேன்.)

"சரண், வெள்ளிக்கிழமை நீ"

(இதையும்.)

"அனு? கோயில் மணி கேக்குது. எங்க இருக்க?"

நிஜத்தில், நான் பழத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது இரண்டு பேரும் கூட்டத்தில் மறைந்திருந்தார்கள். அடுத்த வரியை நான் கேட்கவில்லை. சொந்தமாக எழுதவும் வரவில்லை. எனக்கு அந்த வரி எப்போதும் வந்ததில்லை.

அவன் இன்னும் போனை வைக்கவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.