துடைப்பம் இல்லாத ஆணி

அந்த மின் நிறுவனத்தின் ஆராய்ச்சித் திடலில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. ‘தெரியல’ என்று யாரும் சொல்லக் கூடாது.

தடை போட்டவள் ஷிப்ட் அதிகாரி. அங்கே எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அவள் கணவனின் தம்பி அதே திடலில் வால்வுப் பிரிவில் வேலை பார்த்தான். அவன் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு மற்றவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

நிலக்கரி எரித்த பழைய மின்நிலையத்தை மூடிவிட்டு, மிச்சமிருந்த ஒரு டர்பைனை ஹைட்ரஜனால் ஓட்டிப் பார்ப்பதுதான் அங்கே நடந்த சோதனை. வெயிலிலிருந்து மின்சாரம், அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன், வெயில் இல்லாதபோது அதை எரித்து மறுபடியும் மின்சாரம். புகை கிடையாது, சாம்பல் கிடையாது. பழைய நிலையத்தில் கரி தின்று இருமிய பலர் இப்போது இங்கேதான் வேலை பார்த்தார்கள். இந்தச் சோதனை நின்றுபோனால் அவர்களுக்குப் போக வேறு இடமில்லை.

ஆனால் ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. நிறம் இல்லை, புகை இல்லை. நெருங்கும்வரை சூடுகூட அவ்வளவாக உறைக்காது. வெறும் காற்றுதானே என்று கையை நீட்டினால் கை வெந்துபோகும்.

அதனால்தான் துடைப்பம். தீயைக் கண்டுபிடிக்கும் கருவிகள் தூணுக்குத் தூண் இருந்தன. என்றாலும், குழாய்ச் சந்து ஒவ்வொன்றின் வாசலிலும் ஆணி அடித்து, காய்ந்த புல் துடைப்பம் ஒன்றை மாட்டி வைத்திருந்தாள் அண்ணி. உள்ளே போகிறவர் அதை முன்னால் நீட்டி, மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும். நுனி பற்றினால் அங்கே தீ. பற்றாவிட்டால் அடுத்த அடி. கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்டால் கையிலிருக்கும் வாக்கி-டாக்கியில் ‘இருக்கு’ அல்லது ‘இல்ல’ என்று மட்டும் சொல்ல வேண்டும்.

“தெரியலன்னு சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?” என்பாள். “கண்ணுக்குத் தெரியலையா? விஷயம் தெரியலையா? இல்ல, என்னைக் கேக்காதேன்னு அர்த்தமா?”

அந்தக் கடைசி அர்த்தத்தில்தான் சில நாட்களாகக் கொழுந்தன் அவளிடம் பேசிக்கொண்டிருந்தான்.

வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தபோது அவன் விளையாட்டாகச் சொன்னான்: “எங்க அண்ணி அவ்வளவு படிச்சிட்டு ஊருக்கே துடைப்பம் புடிக்கச் சொல்லிக் குடுக்கறாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. “அந்தத் துடைப்பம் புடிக்கற வேலைக்கு நான் உன்னைச் சிபாரிசு பண்ணலைன்னா நீ இன்னும் தின்னுட்டுத் தூங்கிட்டுதான் இருந்திருப்ப” என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அன்றிலிருந்து அவள் ‘அண்ணி’ இல்லை, ‘மேடம்’. சாப்பிட்டாயா என்றால் ‘ம்’. எப்போது வருவாய் என்றால் ‘தெரியல’. வார்த்தையைத் திருப்பி வாங்க அவளுக்கும் வாய் வரவில்லை. தினமும் பிரார்த்தனையில் கண்ணை மூடும்போது அவன் முகம் வரும். கண்ணைத் திறந்ததும் ரோஷம் வரும்.

விருந்தினர் வரும் நாள் வந்தது. சோதனையைத் தொடரலாமா, கைவிடலாமா என்று முடிவு செய்பவர்கள் அவர்கள். ஆராய்ச்சித் தலைவர் விடிந்ததிலிருந்து உட்காரவே இல்லை. எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை போடுவதால் அவருக்கு வெள்ளைச்சட்டை என்றே பெயர். நல்ல மனிதர், தன் சம்பளத்தைவிடத் தன் டர்பைனை அதிகம் நேசித்தவர். தூண்களுக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடிக்க வைத்திருந்தார்.

நண்பகல் வெயிலில் திடல் வெள்ளைத்தாள் போலக் கண்ணைக் கூச வைத்தது. கட்டுப்பாட்டு அறையில் அண்ணியும், பக்கத்து நாற்காலியில் மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஆபரேட்டரும் இருந்தார்கள். வெள்ளைச்சட்டை பின்னால் நின்று அவர்கள் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எனக்கு முடி இல்லாததால காத்து நேரா உள்ள போகுது” என்றார் மொட்டை.

அண்ணி சிரிக்கவில்லை. திரையில் ஒரு கோடு மெல்லக் கீழே சாய்ந்திருந்தது. ஹைட்ரஜன் அடைத்த சேமிப்புக் குப்பிகளுக்குப் பக்கத்துக் குழாயில் அழுத்தம் குறைகிறது. தீ காட்டும் விளக்கு எரியவில்லை. ஆனாலும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“குப்பிச் சந்துல யாரு இருக்கா?”

“உங்க கொழுந்தன்தான். இணைப்பு இறுக்கப் போனான்.”

அவள் வாக்கியை எடுத்தாள். “குப்பிச் சந்து. தீ இருக்கா, இல்லையா?”

கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது.

“தெரியல மேடம்.”

“தெரியலன்னா இல்லைன்னுதானேம்மா?” வெள்ளைச்சட்டை குனிந்தார். “அந்தக் கோடு எப்பவும் அப்படித்தான் ஆடும். கார் வாசலுக்கு வந்தாச்சு. டர்பைனுக்கு வால்வைத் திற.”

திறந்தால் அந்தக் குழாயில் வாயு பாய்ந்து ஓடும். தீ இருந்தால் அது பெருகும். நிறுத்தினால், மறுபடி தொடங்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும்; விருந்தினர் வெறுங்கையோடு திரும்புவார்கள். அவள் விரல் திறக்கும் பொத்தானுக்கும் நிறுத்தும் பொத்தானுக்கும் நடுவில் நின்றது.

விதியை மறந்துவிட்டாயா என்று கத்தத்தான் வாய் திறந்தது. ‘கடவுளே’ என்று ஒரு மூச்சு உள்ளே இழுத்தாள். வெளியே வந்த குரல் வேறாக இருந்தது.

“தம்பி, என் மேல இருக்கற கோவத்தை வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம். நான் அன்னைக்குப் பேசினது தப்புப்பா. இப்ப எனக்காகக் கொஞ்சம் விவரமா சொல்லு. அங்க என்ன?”

அந்த அலைவரிசையில் திடல் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. வாக்கி கரகரத்தது.

“அண்ணி…” குரல் உடைந்தது. “துடைப்பம் இல்ல அண்ணி. வாசல்ல ஆணி மட்டும்தான் இருந்துச்சு. சும்மா போயிட்டு வந்துடலாம்னு உள்ள வந்துட்டேன். திரும்பி வரலாம்னு பாத்தா முகத்துக்கு நேரா சூடா அடிக்குது. வெயிலா நெருப்பான்னு எனக்குத் தெரியல அண்ணி. உண்மையிலேயே தெரியல.”

அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

அறை முழுவதும் சிவப்பு விளக்குகள் எரிந்தன. வெள்ளைச்சட்டையின் முகம் அவருடைய சட்டையைவிட வெளுத்தது. கோபத்தால் இல்லை.

“துடைப்பத்தை நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றார். “இவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல வாசலுக்கு வாசல் துடைப்பம் தொங்குதேன்னு சிரிப்பாங்கன்னு… ஸ்டோர்ல வச்சுப் பூட்டிட்டேன்.” சாவிக்காகப் பையைத் துழாவினார்.

அண்ணி எழுந்தாள். “மொட்டை அண்ணே, தீயணைப்புக்குச் சொல்லுங்க. அவங்க திடலோட அந்தக் கோடியிலேர்ந்து வர நேரமாகும். நாற்காலியை விட்டு அசையாதீங்க. தம்பி, ஒரு அடிகூட வைக்காதே. நான் வரேன்.”

“அவன் அங்கேயே நிக்கட்டும்மா, குழாய் காலியானா தானா அணைஞ்சிடும்” என்றார் மொட்டை.

“அந்தத் தீ குப்பியை நக்கிக்கிட்டு இருந்தா?”

மொட்டை தீயணைப்பைக் கூப்பிட வாக்கியை எடுத்தார்.

சந்தின் வாசலில் புதுப் பெயின்ட் மணத்தது. கம்ப்ரசர் ஓய்ந்து, திடலே காதைப் பொத்திக்கொண்டது போலிருந்தது. உள்ளே எங்கோ மெல்லிய சீறல் கேட்டது. இருபுறமும் குழாய்கள், ஒரு பக்கம் நெடுக அடுக்கடுக்காகக் குப்பிகள், கோடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு கொழுந்தன். அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. சுத்தமான, பளிச்சென்ற காற்று. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்து அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பாம்பு என்றால் கண்ணால் பார்க்கலாம், நாய் என்றால் குரைப்பாவது கேட்கும். இது சீறுகிறது, ஆனால் எங்கே இருக்கிறது?

தலைக்கு மேலே தூணிலிருந்த தீக்கருவியைப் பார்த்தாள். பெயின்ட் தெறிக்காமலிருக்க அதன் கண்ணைப் பிளாஸ்டிக் பையால் கட்டியவர்கள் அவிழ்க்க மறந்திருந்தார்கள்.

ஸ்டோரிலிருந்து எடுத்து வந்த இரண்டு துடைப்பங்களில் ஒன்றை அவள் கையிலிருந்து வெள்ளைச்சட்டை வாங்கிக்கொண்டார். “நான் முன்னால போறேன்மா” என்றார். இன்னொன்று அவள் கையில் இருந்தது.

மேலே, கீழே. இடம், வலம். ஒரு அடி. மேலே, கீழே. இன்னொரு அடி. வியர்வை அவள் கண்ணில் இறங்கியது; துடைக்கக் கை எடுக்கப் பயந்தாள். ‘இந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடு’ என்று மட்டும் உதடு முணுமுணுத்தது. வேறெந்தப் பிரார்த்தனையும் நினைவில் இல்லை.

வெள்ளைச்சட்டை நீட்டிய துடைப்பத்தின் நுனி திடீரென்று மஞ்சளாகப் பூத்தது.

அவள் கத்திவிட்டாள். ஓசையில்லாமல், எதிலும் படாமல், வெறும் காற்றில் புல் பற்றி எரிந்தது. கழுத்து உயரத்தில் இருந்த ஓர் இணைப்பிலிருந்து தீ, பாதையின் குறுக்கே கயிறு கட்டியதுபோல நீண்டு, எதிர்ப்பக்கத்துக் குப்பிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கொழுந்தன் உள்ளே நடந்து போன பிறகு பற்றியிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது இன்னும் ஒரே அடி எடுத்து வைத்திருந்தால்…

“இருக்கு!” என்றாள் அவள். அந்தச் சொல்லை அவ்வளவு பயத்தோடு அவள் இதற்கு முன் சொன்னதில்லை.

“அண்ணி, எதுக்குக் கீழ வரணும்? என்னால எதுவும் பாக்க முடியலையே!”

வெள்ளைச்சட்டை எரியும் துடைப்பத்தைப் பின்னால் இழுக்கவில்லை. தீயின் அடிவிளிம்பில் அப்படியே பிடித்துக்கொண்டார். “இதோ பாருப்பா, இது எரியுதுல்ல, இதுக்குக் கீழ. நல்லாக் கீழ.”

“குனி தம்பி. இன்னும் குனி. தவழ்ந்து வா, குழந்தை மாதிரி.”

அவன் தவழ்ந்தான். துடைப்பம் எரிந்து குட்டையாகிக்கொண்டே வந்தது. புல் தீர்ந்து, கட்டு தீர்ந்து, நெருப்பு கைப்பிடிக்கு வந்தது. வெள்ளைச்சட்டை பல்லைக் கடித்தார், விடவில்லை. சட்டைக் கை கருகிச் சுருண்டது. அண்ணி மண்டியிட்டுக் கையை நீட்டினாள். அவள் விரல்களில் அவன் விரல்கள் பட்டன. இழுத்தாள். அவன் அவள் மடியில் விழுந்தபோதுதான் வெள்ளைச்சட்டை கையை உதறினார்.

தீயணைப்பு வண்டி வந்து குப்பிகளின் மீது தண்ணீர் பாய்ச்சியது. சீறல் தேய்ந்து நின்றது. ஆனால் தீ அணைந்ததை யார் பார்த்தது? அண்ணி மிச்சமிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனாள். நீட்டினாள். காத்திருந்தாள். புல் புல்லாகவே இருந்தது.

“இல்ல” என்றாள் வாக்கியில். திடல் முழுவதும் யாரோ யாரோ மூச்சு விட்டது அதில் கேட்டது.

விருந்தினர் அன்று டர்பைன் ஓடியதைப் பார்க்கவில்லை. ஈரத்துணி சுற்றிய கையோடு, கருகிய சட்டையோடு ஒரு மனிதர் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி, அன்று நடந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னதைத்தான் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொரு நாள் வருகிறோம் என்றார்கள். வருவார்களா என்று யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் கார் வெளியேறுமுன் துடைப்பங்கள் ஆணிகளுக்குத் திரும்பியிருந்தன.

ஷிப்ட் முடிந்து அண்ணியும் கொழுந்தனும் வாசலுக்கு வந்தார்கள். பேருந்து நிறுத்தம்வரை நேரான சாலை. வெயில் இன்னும் தாழவில்லை. ஒரு வண்டிகூட இல்லை, ஒரு நிழல்கூட இல்லை. எதிரே சுத்தமான காற்று.

அண்ணி நின்றுவிட்டாள். காலை எடுத்து வைக்க முடியவில்லை. அவளை அறியாமலே கை முன்னால் நீண்டது.

கொழுந்தன் பார்த்தான். வேறொரு நாளாக இருந்தால் ஒரு கிண்டல் வந்திருக்கும். இன்று அவன் அவளைத் தாண்டி முன்னால் போய்த் தன் கையை நீட்டி, மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடந்தான்.

“இன்னைக்கு நான்தான் அண்ணி துடைப்பம்.”

“இருக்கா தம்பி?”

“இல்ல அண்ணி. வாங்க.”