நிரப்பிய குழிகள்

வேனுக்குள் இருந்த சின்னத் திரையில் எண் வந்து நின்றது. மூன்று புள்ளி இரண்டு.

பஸ் டிரைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாலையை அளக்க வந்த வேனுக்கு வழிகாட்டியாக அவரைத்தான் முன் சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். ஊருக்கு வந்துபோகும் ஒரே பஸ்ஸை இருபது வருடமாக ஓட்டுகிறவர். ஊரையும் நெடுஞ்சாலையையும் சேர்க்கும் இந்த நாலு கிலோமீட்டரில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ‘சடன் பிரேக்’ என்ற பட்டப்பெயரே அந்தக் குழிகள் கொடுத்ததுதான்.

புதுச் சாலைக்கு அனுமதி கிடைக்காவிட்டால் பஸ்ஸை நிறுத்திவிடுவதாக டிப்போவிலிருந்து கடிதம் வந்திருந்தது. நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் நடைதான். அதனால் அளக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் ஊரே மூன்று நாள் ஜல்லியும் மண்ணும் சுமந்து குழிகளை மூடியது. வருகிறவர்களுக்கு இடுப்பு ஒடியக் கூடாது, நம்மைப் பற்றி நாலு வார்த்தை நல்லபடியாக எழுத வேண்டும் என்று சொல்லி முதல் கூடையைத் தூக்கியவர் அவர்தான்.

“மூணுன்னா நல்ல மார்க்கா மேடம்?”

வேனை ஓட்டிவந்த அளவைக்காரப் பெண் ஊர் எல்லையில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, புது ஜல்லியைச் செருப்பு நுனியால் கிளறினாள்.

“அண்ணே, இது மார்க் இல்ல. வண்டி எவ்வளவு குலுங்குதுங்கிற கணக்கு. ஆறுக்கு மேல வந்தாத்தான் ரோட்டுக்குப் பணம். இல்லன்னா ‘நல்ல நிலை’ன்னு எழுதிடுவாங்க. அஞ்சு வருஷத்துக்கு யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க.”

டிரைவர் திரையை மறுபடி எட்டிப் பார்த்தார். அதே மூன்று புள்ளி இரண்டு.

போன மாதம் தலைநகர்ப் பக்கம் அளந்ததை அவள் சொன்னாள். டம்ளரில் வைத்த டீ தளும்பவில்லையாம். எண் இரண்டுதான். ஆனாலும் அங்கே புதுத் தார் விழுகிறது; வண்டிகள் அதிகம் என்று காரணம். இங்கே வண்டிகள் குறைவு. ரோடு இல்லாத ஊருக்கு வண்டி எங்கிருந்து வரும் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

அந்த எண்ணை அழித்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லி டிரைவர் கேட்டார். முடியாது, மெஷின் காட்டிக்கொடுக்கும், தன் வேலை போய்விடும் என்றாள். பிறகு, வேறெங்கோ பார்த்தபடி விதியைச் சொன்னாள். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. இரண்டின் சராசரிதான் மேலே போகும். அடுத்த ஊரை அளந்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்புவாள்.

மணி பன்னிரண்டே முக்கால்.

டீக்கடையில் கூடியிருந்தவர்களிடம் அவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கடைக்காரர் அவர் மனைவியின் தம்பி.

“என்ன மாமா, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? நாம மூடினத நாமளே தோண்டறதா?”

“தோண்டலடா. இருந்தபடி வைக்கிறோம்.”

யாரும் அசையவில்லை. தையற்கார அக்கா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். ஜல்லிக்கூடை தூக்கிய கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நின்ற பஸ்ஸில் ஏறினாள். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

டிரைவர் ஒவ்வொரு குழியாக நிறுத்தினார். இடம் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் பிரேக் போட்ட இடமெல்லாம் குழிதான். குழிக்கு இரண்டு பேராக இறக்கிவிட்டார். கடைசிக் குழியில் தானே கடப்பாரையைப் பிடித்தார். நேற்று இடித்து இறுக்கிய மண், சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்று மணிக்கு வேன் திரும்பியது. சாலையின் இரு பக்கமும் மண் அப்பிய கைகளோடு ஊர் நின்றது. வேன் சாய்ந்தது, எழுந்தது, மறுபடி சாய்ந்தது. நெடுஞ்சாலை முனையில் அவள் கண்ணாடியை இறக்கினாள்.

“ஒன்பது புள்ளி எட்டு. சராசரி ஆறரை.”

யாரும் கை தட்டவில்லை. ரோடு எப்போது வரும் என்று டிரைவர் கேட்டார். ஃபைல் போகும், பஸ்ஸை நிறுத்த மாட்டார்கள், ஆனால் ரோடு வருவது அடுத்த வருடமோ அதற்கடுத்ததோ என்றாள்.

சாயங்கால டிரிப்பில் ஒரு நிறைமாதக்காரி ஏறியிருந்தாள். எண் எட்டாதோ என்ற பயத்தில் குழிகளை முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் ஆழமாகவே தோண்டியிருந்தார்கள்; திரும்ப மூட இன்னும் நேரம் கிடைக்கவில்லை. நாலாவது குழியில் அவள் கம்பியை இறுகப் பிடித்தாள்.

“நிறுத்துங்கண்ணே. நான் நடந்தே வந்துடறேன்.”

வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி அவள் முன்னால் நடந்தாள். டிரைவர் முதல் கியரில் பின்னாலேயே ஊர்ந்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி அவளோடு நடக்கத் தொடங்கினார்கள்.