ஓநாய் இல்லாத ஊரில் டியூக்

எழுபத்தேழிலும் எண்பத்தொன்றிலும் தமிழருக்கு எதிரான கலவரம் வந்துபோன பிறகு, யாழ்ப்பாணத்தில் சொந்த ஊரான கொக்குவிலுக்கே போய்விடலாம் என்றார் சரோஜினிதேவி. அவருடைய கணவர் மயில்வாகனத்தார் நன்றாக யோசித்துவிட்டு ஒரு நாயைக் கொண்டுவந்தார்.

தெல்தோட்டையில் தோட்டம் நடத்திய பறங்கித் துரை ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது விட்டுப்போன நாய் அது. பெயர் டியூக். கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி வருவதற்கு முன் நாயின் வரலாறு வந்துவிடும்.

"இது சும்மா நாயில்லை. ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட். ஓநாய் கொல்லுறதுக்கெண்டே அயர்லாந்து ராசாக்கள் வளர்த்த சாதி. உரோமாபுரிக்குப் பரிசாப் போனது."

இலங்கையில் ஓநாய் கிடையாது என்பதை வந்தவர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் விடுவார்கள்.

தோற்றத்தில் குறை சொல்ல முடியாது. நின்றால் முதுகு சாப்பாட்டு மேசைக்கு மேலே தெரியும். தேங்காய்த் தும்பு போன்ற முரட்டுச் சாம்பல் மயிர். இளைப்பாறிய நீதவானுக்கு இருப்பதுபோல் புருவமும் தாடியும். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுத்தராக, பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறிய மயில்வாகனத்தார், தினமும் மாலையில் அதைச் சங்கிலியில் பிடித்து ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டு பாலம் வரைக்கும் நடப்பார். யார் யாரை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்பது சில இடங்களில் தெளிவாக இருக்காது.

சுபாவம்தான் சிக்கல். டியூக்குக்கு உலகத்தில் அந்நியர் என்று யாரும் இல்லை. தபால்காரர் மீது சாயும். பாண்காரர் மீது சாயும். சாய்ந்தால் ஆள் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் திருட வந்தவனுக்குப் பின்னால் வாலாட்டிக்கொண்டு படலை வரை போய் வழியனுப்பிவைத்தது. "உயர்ந்த சாதி நாய் அநாவசியமாக் குரைக்காது" என்றார் மயில்வாகனத்தார்.

ஒருமுறை மிருக வைத்தியர் தியாகராஜா, ஓநாய் முடிந்ததும் அந்தச் சாதியும் முக்கால்வாசி அழிந்துபோனதாகவும், நூறு வருசத்துக்கு முன் ஒரு கப்டன் வேறு வேறு நாய்களைச் சேர்த்துத்தான் மறுபடி உண்டாக்கினார் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"அப்ப கலப்புத்தானே," என்றார் சரோஜினிதேவி.

தன் வம்சத்தை ஏழு தலைமுறைக்குச் சொல்லக்கூடிய மயில்வாகனத்தார், அதன் பிறகு நாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் வேறு வைத்தியரைத்தான் கூப்பிட்டார்.

எண்பத்துமூன்று ஆடி மாதம், ஒரு பின்னேரம், கண்டி நகரப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது. பின் வேலியடியில் பக்கத்து வீட்டு ஹலீம் ஹாஜியார் வந்து நின்றார். இரும்புச் சாமான் கடைக்காரர்.

"ஐயா, டவுன்ல தமிழாக்கள்ட கடையெல்லாம் பத்தவெச்சிட்டாங்க. லொறியில இங்கிட்டும் வாறாங்களாம். அக்காவையும் கூட்டிக்கிட்டு நம்ம ஊட்டுக்கு வாங்க."

"டியூக் இருக்கிறான், ஹாஜியார். அவன்ரை உயரத்தைக் கண்டாலே ஓடுவாங்கள்."

"ஓம், ஓடுவாங்கள்," என்றார் சரோஜினிதேவி, கைப்பையை எடுத்துக்கொண்டே. "இவன் பின்னாலை ஓடிப்போய் நக்குவான். நான் போறன். நீங்கள் உங்கடை உரோமாபுரிப் படையோடை இருங்கோ."

அவர் வேலிப்பொட்டு இடைவெளிக்குள்ளால் நுழைந்து போனார். மயில்வாகனத்தார் படையைத் தூணில் கட்டிவிட்டு, கௌரவத்துக்குப் போதுமான அளவு தாமதித்து, பின்னால் போனார்.

அப்போதுதான் டியூக் வாய் திறந்தது. குரைக்கவில்லை; ஊளையிட்டது. அயர்லாந்து ஓநாய்க்கே கேட்டிருக்கும். முகம் ஹலீமின் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

"இது பாக்குற பக்கத்தப் பாத்தாலே போதும், ஐயா எங்க ஈக்கிறீங்கன்டு வாறவனுக்கு வெளங்கிரும்," என்றார் ஹலீம்.

உள்ளே கூட்டிவருவதும் லேசில்லை. மார்க்கப்படி, நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. டியூக் எதிரே வந்தால் ஹலீம் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவார். அது தொழுகிற வீடு. ஹலீம் மனைவி றலியாவைப் பார்த்தார். றலியா தொழுகைப் பாய்களைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டுக்கொண்டிருந்தார்.

"மண்ணு தோட்டத்துல ஈக்கி, தண்ணி கிணத்துல ஈக்கி. பொறகு கழுவலாம். அவுத்துக்கிட்டு வாங்க சுருக்கா."

மயில்வாகனத்தார் நாயை அவிழ்த்து வந்ததும், கடைசி அறைக்குள் அதையும் சேர்த்து மூவரையும் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். டியூக் மௌனமானது. லொறிச் சத்தம் கேட்டது. பிறகு மயில்வாகனத்தார் வீட்டுக் கண்ணாடிகள் உடையும் சத்தம். பிறகு ஹலீமின் வாசலில் ஒருவன் சிங்களத்தில் கேட்டான்:

"அந்தக் குதிரை நாய் மஹத்தயா எங்கே?"

"காலையிலயே போயிட்டார்," என்றார் ஹலீம், அதே பாசையில்.

உள்ளே மயில்வாகனத்தாரின் முகம் சிவந்தது. பயத்தால் அல்ல. "நாய் மஹத்தயாவோ? நாய் ஐயாவாம்! உவன்ரை தகப்பன்ரை காணிப் பத்திரத்தைக் கையெழுத்துக்கு அனுப்பினது நான். குரல் தெரியும். வெளியிலை போய் ரெண்டு வார்த்தை கேட்டால்..." என்று முணுமுணுத்து எழும்பினார்.

"இஞ்சாருங்கோ, இருங்கோ," என்று சரோஜினிதேவி சட்டையைப் பிடித்தார். கையில் ஒரு பொத்தான்தான் மிஞ்சியது.

எழுந்தவரைக் கண்ட டியூக், நடக்கப் போகும் நேரம் வந்துவிட்டதென்று நினைத்து, அன்பு பொங்க முழு உடம்பாலும் அவர் மீது சாய்ந்தது. பிரதம லிகிதர் மல்லாக்க விழுந்தார். நாயும் அவர் மேலேயே படுத்து, பெருமூச்சு விட்டு, அவருடைய வாயையும் மூக்கையும் ஒழுங்காக நக்கத் தொடங்கியது. பேச வாய் திறந்தால் நாக்கு உள்ளே போகும் நிலை. சரோஜினிதேவி நாயின் முதுகில் கையை வைத்து, அது எழும்பாமல் அமர்த்திக்கொண்டார். வாசலில் பேச்சு நீண்டது. பிறகு லொறி புறப்பட்டுப் போனது.

கதவு திறந்தபோது மயில்வாகனத்தார் எழும்பி முகத்தைத் துடைத்தார். வேலிக்கு அப்பால் தன் வீட்டைப் பார்த்தார். கூரை இருந்தது, கதவில்லை, முற்றத்தில் கதிரைகள் எரிந்துகொண்டிருந்தன. பிறகு றலியாவிடம், "வாளி எங்கை, தங்கச்சி?" என்று கேட்டார்.

"நீங்க இருங்க ஐயா, நாங்க பாப்பம்."

"இல்லை. என்ரை நாய்."

முப்பது வருசம் பியூனிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தவர் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலில் நின்று, மண்ணைக் கரைத்துத் தரையைத் தேய்த்தார். ஹலீம் கதவடியில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஆறாவது முடிந்து அவர் நிமிர்ந்தபோது, வெளியே கட்டியிருந்த சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்த டியூக் தரையின் நடுவில் ஆசையாக ஒரு நக்கு நக்கியது.

ஹலீம் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்டுலருந்து, ஐயா," என்றார்.