நின்ற வண்டியில் ஓடிய ஃபேன்

1996 சித்திரையில் என் காரின் ரேடியேட்டர் ஃபேன் சுவிட்ச் போய்விட்டது. வண்டி எண்பத்தைந்தாம் வருட மாடல், நான் மூன்றாவது கை. இஞ்சின் தண்ணீர் சூடேறியதும் ஃபேனைத் தானாக ஓடவிடும் சிறிய பித்தளைச் சுவிட்ச் அது. பழையது போலவே ஒன்றை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. எனக்கு அது போதவில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி அரங்கசாமிக்குச் சோமனூரில் பன்னிரண்டு தறி ஓடுகிறது. அம்மா அவனோடு இருக்கிறாள். நான் சிங்காநல்லூரில் ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க். விசேஷம் எதுவானாலும் நான் போய் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போவதுதான் வழக்கமாக இருந்தது. தை மாதம் தம்பி புதுக் கார் எடுத்தான். அதன் பிறகு நான்கு விசேஷம் வந்தது. நான்குக்கும் அம்மா அவன் வண்டியில்தான் வந்தாள்.

அந்த வண்டியில் எனக்குப் பொறுக்காதது ஏசியோ நிறமோ இல்லை. சாவியை எடுத்த பின்னும் அதன் ஃபேன் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுத்தான் அடங்கும். ஒருநாள் அதைக் கேட்டு அம்மா சிரித்தாள். “நிறுத்தியும் உசுரோட இருக்குது பாரு கண்ணு. உன்ற வண்டி நின்னா நின்னதுதான்.” விளையாட்டுப் பேச்சுதான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் யூனுஸ் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து இரண்டு சுவிட்ச் வாங்கி வந்திருந்தார். இரண்டிலும் ஒயரைக் கட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்பை மாட்டி, டீ போடும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். தெர்மாமீட்டர் எண்பத்திரண்டைத் தொட்டபோது ஒரு பல்பு எரிந்தது. மற்றது தொண்ணூற்றிரண்டில் எரிந்தது. அதுதான் என் வண்டிக்குரிய சூடு என்றார். நான் எண்பத்திரண்டை எடுத்தேன். சீக்கிரம் ஓடும், அதிக நேரம் ஓடும். அதோடு, சாவியை எடுத்தாலும் ஓடுகிற மாதிரி ஒயரைப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கச் சொன்னேன்.

யூனுஸ் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். “வேண்டாங்ண்ணா. சுவிட்ச் இருக்கறது இஞ்சின்ல. வண்டி நின்னா தண்ணி ஓடாது. ஃபேன் ரேடியேட்டரைத்தான் ஆத்தும், சுவிட்ச் சூடாவே கெடக்கும், ஃபேன் நிக்காது. பேட்டரி வேற பழசுங்க.”

தம்பி வண்டியில் ஓடுகிறதே என்றேன். அது வேறே வண்டிங்க என்றார். அந்த வார்த்தைதான் என்னைப் பிடிவாதக்காரனாக்கியது.

வைகாசியில் மதுக்கரையில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் நாங்கள் இரண்டு பேரும் கொண்டுபோக வேண்டும். இந்த முறை என் வண்டியில்தான் வரவேண்டும் என்று பதினைந்து நாள் முன்பே அம்மாவுக்கு இன்லண்டு லெட்டர் போட்டேன். சரியென்று பதில் வந்தது.

அன்று காலை எட்டு மணிக்குச் சோமனூர் வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தேன். ஃபேன் உறுமியது. அம்மா எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள், “ஏனுங்க, நின்ன பொறவும் மூச்சு வாங்குது, வயசாயிருச்சுங்களா?” என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. இட்லி சாப்பிடும்போது அந்தச் சத்தம் எனக்குத் தொட்டுக்கொள்ள இன்னொரு சட்னி போல இருந்தது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் மெல்ல இறங்கி நின்றது. “ஆறுனதும் தானா நின்னுருச்சு பாரு” என்று தம்பியிடம் சொன்னேன்.

சீர்த் தட்டுகள் பின்சீட்டில் ஏறின. அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினேன். டக் என்ற ஒரு சத்தத்தோடு சரி. மீண்டும் திருப்பினேன். அதுவும் இல்லை. ஃபேன் பேட்டரியைக் காலி செய்துவிட்டுத்தான் நின்றிருக்கிறது.

தம்பி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வந்தான். “நான் எறங்கிக்கறேன் கண்ணு, கனமா இருக்கும்” என்று அம்மா இறங்கினாள். தெருக்கோடி தாண்டித்தான் இஞ்சின் பிடித்தது. அணைந்துவிடுமோ என்று ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கப் பயந்து, நான் சுற்றிக்கொண்டு திரும்பி வருவதற்குள் நேரமாகிவிட்டதென்று அம்மா தம்பி வண்டியில் ஏறியிருந்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து முன்னே போகச் சொல்லிக் கைகாட்டினாள். அம்மாவின் வெற்றிலைப் பை என் முன்சீட்டில் கிடந்தது. மதுக்கரை வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

கோயில் வாசலில் நான் இஞ்சினை அணைக்காமல் நின்றபோது, தம்பி தன் வண்டியை அணைத்துவிட்டு என் பக்கம் வந்தான். அவன் ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது.

“ஏனுங்ண்ணா, சாவிய எடுத்தும் இது ஓடுதே, ரிப்பேருங்களா? வாங்குனதுலிருந்தே பயமா இருக்குது. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

எனக்குத் தெரியும். அது அப்படித்தான் ஓடவேண்டும் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

“எதுக்கும் கம்பெனியில ஒருக்கா காட்டிப்போடு” என்றேன்.

திங்கட்கிழமை வண்டியைக் கம்பெனி சர்வீஸில் விட்டான். பார்த்துச் சொல்ல மூன்று நாளாகும் என்றார்களாம். நான் அதற்குள் யூனுஸிடம் போய்த் தொண்ணூற்றிரண்டை மாட்டி, ஒயரையும் பழையபடி சாவியோடு சேர்க்கச் சொன்னேன்.

புதன்கிழமை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி அம்மா கேட்டாள்.

“புது வண்டிக்கு அதுக்குள்ள என்ன சீக்கு சாமி?”

“தெரியலீங்கம்மா” என்றேன். சிங்காநல்லூர் தாண்டும்வரை மூன்றாவது கியரிலேயே மெதுவாகப் போனேன்.