சத்தமே போடாத மெஷின்

பெட்ரோல் மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடிய அன்று கோபத்தில் நான் மதியம் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கப்படாத உண்ணாவிரதத்தால் என்ன பயன் என்று ராத்திரி இரண்டு பங்காகச் சாப்பிட்டுவிட்டேன். ஆனால் கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

நானும் என் தங்கையும் சேர்ந்து செய்கிற தொழில் இது. அடுத்தவர் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டுவோம், வேலிச்செடி கத்தரிப்போம், உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளுவோம். புல் வெட்டுவது எப்போதும் நான். கயிற்றை ஓர் இழு இழுத்தால் தெருவே அதிர எழுந்து நிற்கும் என் மெஷின். அதன் குரலை வைத்தே புல் ஈரமா காய்ந்ததா, பிளேடு மழுங்கிவிட்டதா, அடியில் கல் சிக்கியதா என்று சொல்லிவிடுவேன். என் மனைவியின் குரலை வைத்து அப்படி எதையும் என்னால் சொல்ல முடிந்ததில்லை.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது, நாங்கள் புல் வெட்டும் வீடு ஒன்றில் இருக்கும் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில் தூக்கம். "உங்க மெஷின் சத்தத்துல எனக்குத் தலை வெடிக்குது. சத்தம் இல்லாம வெட்ட முடிஞ்சா வாங்க, இல்லேன்னா விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். உலகமே விழித்திருக்கும் நேரத்தில் தூங்குகிற ஒருவருக்காக என் மெஷின் ஏன் வாயை மூட வேண்டும் என்று நான் கேட்டேன். வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் கேட்டேன்.

நான் வேனுக்குள் வீரம் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் என் தங்கை கடைக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். பேட்டரியில் ஓடும் புல்வெட்டி, பேட்டரியில் ஓடும் கத்தரி, பேட்டரியில் ஓடும் இலை ஊதி. மூன்றும் பச்சை நிறத்தில், குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தன.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றேன்.

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்வே. அதான் கேக்கல."

"இதுல தலைமுடி வெட்டலாம். புல் வெட்ட முடியாது."

"ஒரு வாரம் ஓட்டிப் பாரு அண்ணா. சரியா வரலேன்னா நானே தூக்கிட்டுப் போய்க் கடையில கொடுத்துடறேன்."

"சரியா வரலேன்னா உன் மெஷினும் வேண்டாம், உன் கூட்டும் வேண்டாம். என் பெட்ரோல் மெஷினை எடுத்துக்கிட்டு நான் தனியாப் போயிடுவேன்."

"சரியா வந்தா?"

"வராது."

நான் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சொன்னதை வாயில் போட்டுத் திரும்ப விழுங்கிவிட மாட்டோமா என்று இருந்தது. மூத்தவனாகப் பிறந்தவனுக்கு அந்த வசதி கிடையாது.

சொன்னபடியே மெஷின் சரியாக வரவில்லை. முதல் வீட்டிலேயே, பாதிப் புல்லில் பொசுக்கென்று நின்றது. தங்கை வந்து என்னவோ செய்தாள், ஓடியது. அவள் தள்ளியபோது கடைசி வரை ஓடியது. மறுபடி என் கைக்கு வந்தது, நின்றது. அடுத்த வீட்டிலும் அதே கதை. அவள் கையில் ஆடுகிறது, என் கையில் செத்துப்போகிறது. ஒரு மெஷினுக்குக்கூடப் பிடிக்காதவனாக ஆகிவிட்டேனே என்று முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு மூளை வேலை செய்தது. இவள் எனக்கு மட்டும் அரைகுறையாக சார்ஜ் ஏறிய பேட்டரியைத் தருகிறாள்!

"அது திணறும்போது பீப் பீப்னு கத்துது அண்ணா. நீ பாட்டுக்கு விடாம தள்ளுற. கத்தினா கொஞ்சம் நிறுத்தணும்" என்றாள்.

கத்துகிறதாம். அந்த வாரம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். எனக்காக யாரும் எதையும் நிறுத்தவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மெஷின் அமைதியானதும் ஊரே ரகசியம் பேச ஆரம்பித்துவிட்டது. முன்பெல்லாம் என் தங்கை முகத்துக்கு நேரே வந்து, கை காலை ஆட்டி, தொண்டை கிழியக் கத்துவாள். ஒரு வார்த்தை தவறாமல் புரியும். இப்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு, பேட்டரியை மாற்றிக்கொண்டு, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள். "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல விடு" என்கிறாள். வீட்டுக்காரர்களுடன் தள்ளி நின்று பேசிச் சிரிக்கிறாள். நான் கிட்டே போனால் இருவரும் என்னையே பார்க்கிறார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் போல. எனக்குத் தெரியாமல் என்ன கேள்வி? என்னைக் கழற்றிவிடத் திட்டம் போடுகிறார்கள், வேறென்ன.

வாரத்தின் கடைசி வேலை அந்த நர்ஸம்மா வீடு. இன்று ஒருமுறை நின்றால் போதும், மெஷினைக் கடை வாசலில் வைத்துவிட்டு என் வழியைப் பார்த்துக்கொண்டு போகிறேன் என்று முடிவு செய்தபடிதான் இறங்கினேன். மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. தூங்குகிறார், மகாராணி. வேலியோரம் தங்கை செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். அந்த மெஷின் ஓடுகிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. பின்னால் புல் குட்டையாவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இப்படி ஒரு பிழைப்பு.

திடீரென்று கைப்பிடி உதறியது. அடியிலிருந்து கறுப்பாக என்னவோ துண்டு துண்டாகத் தெறித்தது. அடுத்த கணம் பளார் என்று தண்ணீர் என் முகத்தில் அடித்தது. வாய் திறந்திருந்ததால் பாதியைக் குடித்தும்விட்டேன். மெஷின் நின்றது.

புல்லுக்குள் கிடந்த ஓஸ் பைப்பை வெட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: "புல்லுக்குள்ள பைப்பைப் போட்டு வெச்சிருக்கியே, ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா? வாரம் பூரா ஊரோட குசுகுசுன்னு பேசத் தெரியுது, எங்கிட்ட சொல்லத் தெரியலையா? வேணும்னே பண்றே! நான் போகணும், அதானே உனக்கு?"

தங்கை என் பக்கத்தில்தான் இருந்தாள், மெஷினுக்கு ஓரடி முன்னால், குனிந்த நிலையில். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள்.

"கத்தினேன் அண்ணா."

"பொய்!"

"நில்லு நில்லுன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தேன்."

"பச்சைப் பொய்! பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காத சத்தம் என்ன சத்தம்?"

மாடி ஜன்னல் திறந்தது. கலைந்த தலையோடு நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். போச்சு, இந்த அம்மாவிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிமிர்ந்தேன். அவர் திட்டவில்லை. என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபேன் ஓடுது. அவங்க கத்தின கத்துல நான் முழிச்சுக்கிட்டேன்" என்றார், நிறுத்தி நிறுத்தி. "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? பேஷ்!" என்றேன். ஆனால் அந்த 'பேஷ்' சரியாக வெளியே வரவில்லை. தூங்குகிற பெண்மணிக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

தங்கை என் தோளைப் பிடித்தாள். "திரும்பி நில்லு."

"எதுக்கு?"

"திரும்பி நில்லுன்னு சொல்றேன்ல."

வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னமோ சொல்லப்போறேன்னு நிக்க வெச்சியே, சொல்லித் தொலை!" என்று கத்தினேன். பதில் இல்லை. பொறுமை போய்த் திரும்பினேன்.

தங்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்தார்.

"என்ன சொன்னே?"

அவள் கையை எடுத்தாள். "பூசணின்னு கூப்பிட்டேன். தெருவுக்கே கேக்கற மாதிரி."

சின்ன வயதில் என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் மேல் கையில் கிடைத்ததை வீசியிருக்கிறேன். அந்தப் பெயர் காதில் விழுந்தால் தூக்கத்திலும் எழுந்து சண்டைக்குப் போவேன். அந்தப் பெயரை அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று அலறியிருக்கிறாள். நான் வேலியில் ஒரு வெட்டுக்கிளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நர்ஸம்மா முன்னாடியா அப்படிக் கூப்பிட்டே?" என்றேன். முதலில் அதுதான் வாயில் வந்தது. மனிதனுக்கு எப்போது எதற்குக் கோபம் வரும் என்று சொல்ல முடியாது.

அவள் குனிந்து மெஷினின் சாவியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இனிமே இது உன் கைக்குக் கிடையாது."

"எதுக்கு? ஒரு ஓஸ் பைப்புக்கா?"

"அந்தப் பைப்பை எடுக்கத்தான் நான் குனிஞ்சேன்!" என்று வெடித்தாள். "கத்தினா நிப்பேன்னு நம்பிக் கையை நீட்டினேன். பழைய மெஷினா இருந்தா முன்னாடி வந்து கையை ஆட்டியிருப்பேன். சத்தமில்லாத மெஷின்தானே, சொன்னா கேக்கும்னு நினைச்சேன். நீ நிக்கல."

அவள் விரல்களைப் பார்த்தேன். பத்தும் இருந்தன. ஈரத்தில் வெளுத்து, மண் ஒட்டி இருந்தன. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன். அப்படி எண்ணியதற்காகவும் கோபம் வந்தது.

"இந்தச் சனியனால வந்த வினை. பெட்ரோல் மெஷினைக் கொண்டு வரேன். அது ஓடறது எனக்குக் கேக்கும்."

"கேக்கும்! உன் காதைத் தின்னதே அதுதான்! காதுமூடி வாங்கிக் கொடுத்தா கழுத்துல மாலை மாதிரி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சே. அத்தனை சத்தத்துல எனக்கும் ஒண்ணும் கேக்காது, உனக்கும் கேக்காது. என் வாயைப் பார்த்துப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டே. அதனால ரெண்டு பேருக்குமே தெரியல." அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். "தனியாப் போறானாம் தனியா! யார் வாயைப் பார்த்து வேலை செய்வே?"

மாடியிலிருந்து நர்ஸம்மா, "எங்க ஆஸ்பத்திரியில காது டாக்டர் இருக்கார், நாளைக்கே வாங்க" என்றார். கையை அகல விரித்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். எனக்கு முழுதும் புரிந்தது. அவ்வளவு பெரிதாக வாயைத் திறந்ததற்காக அவர் மேலும் எரிச்சல் வந்தது.

"வரேன்" என்றேன், சண்டைக்குக் கூப்பிட்டவனுக்குச் சொல்வது போல. பிறகு தங்கையிடம் கையை நீட்டினேன். "சாவியைக் கொடு. பாதி வெட்டி விட்டா தோட்டம் அரைமொட்டை மாதிரி இருக்கு."

"மாட்டேன்."

"கொடுன்னா கொடு. இது நான் வெட்டற புல். இன்னிக்கு வரைக்கும் எந்த வீட்டையும் பாதியில விட்டதில்ல." குரல் கடைசியில் கெஞ்சலாகிவிட்டது. மறைக்க இருமினேன்.

அவள் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். "வரிசை முடியற இடத்துல நான் நிப்பேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கிட்டே வரணும். நான் கையைத் தூக்கினா நிறுத்தணும். டாக்டரைப் பார்க்கற வரைக்கும் இப்படித்தான். சம்மதமா?"

"டிராஃபிக் போலீஸ் மாதிரி நீ அங்க நின்னா தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. உனக்குக் கேக்கவா போகுது?"

மாடியில் நர்ஸம்மா சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வந்தாலும் சிரிக்கிற மனநிலையில் இல்லை.

வெட்டுப்பட்ட பைப்பை அவளே இழுத்து ஓரமாகப் போட்டாள். பிளேடில் சுற்றியிருந்த ரப்பரை எடுத்தாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, ஒரு கணம் விடாமல் அழுத்திவிட்டு, வரிசையின் கோடிக்குப் போய் நின்றாள். நான் தள்ளினேன். அந்தக் கோடியை நான் தொட்டதும், ஈரப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கோடிக்கு ஓடினாள். அங்கே திரும்பி என்னைப் பார்த்து நின்றாள். நான் திரும்பினேன், தள்ளினேன். மறுபடி ஓடினாள்.

நின்ற இடத்திலெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. காதுமூடியில் ஆரம்பித்து, என் பிடிவாதம், என் சந்தேகப் புத்தி, தனியாகப் போவேன் என்று சொன்ன கொழுப்பு என்று ஒன்றுவிடாமல் திட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணை வேறு பக்கம் திருப்பினால் கேட்காது. திருப்பத்தான் முடியாது, மெஷின் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.