அறுபது வாட் குறைவு

தர்மராஜுக்கு ஒரு பிடிவாதம். செங்கல் வாங்குவதற்கு முன்பே, கட்டப்போகும் வீட்டுக்குள் எவ்வளவு வெக்கை இருக்கும் என்று தெரிந்தாக வேண்டும். அரியலூர் வெயில் இருக்கிறதே, அது ஆளைச் சும்மா விடாது. சித்திரை பிறந்தால் போதும், ஆறு வயது மகள் சிந்தாமணிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. செந்துறை ரோட்டில் மனை வாங்கியதே அவளுக்காகத்தான். ஊருக்கெல்லாம் கட்டிடம் கட்டித் தரும் ஓவர்சியர், பெற்ற பிள்ளைக்குக் குளுமையாக ஒரு வீடு கட்ட ஆசைப்படக் கூடாதா என்ன?

அவன் கூட்டாளி நடராசன் திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார். அந்த எண்பத்தாறாம் வருஷத்திலேயே கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். சுவர், கூரை, ஜன்னல், திசை எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுத்தால், கட்டாத வீட்டின் சூட்டை அது அறை அறையாகக் கணக்குப் போட்டுத் தாளில் அடித்துத் தரும். குடியிருப்பவர்களின் உடம்புச் சூடும் அதில் சேர்த்தி. ஆணுக்கு நூறு வாட், பெண்ணுக்கு எண்பத்தைந்து, குழந்தைக்கு அறுபது. தர்மராஜ், அவன் மனைவி ஜானகி, சிந்தாமணி, ஆக இருநூற்று நாற்பத்தைந்து.

தாளில் நூற்று எண்பத்தைந்து என்று விழுந்தது.

"அறுபதக் காணோமேடா" என்றான் தர்மராஜ்.

"நீ தப்பா அடிச்சிருப்ப. தள்ளு."

நடராசனே உட்கார்ந்து அடித்தான். மூன்று பேர் உள்ளே போனார்கள், இரண்டு பேர்தான் வெளியே வந்தார்கள். சந்தேகத்துக்கு அவன் தன் வீட்டுப் பிளானைப் போட்டுப் பார்த்தான். அங்கே ஐந்து பேரும் பத்திரமாக இருந்தார்கள். உடம்பில் சூடு இல்லையென்றால் என்ன அர்த்தம்? ஏ.சி. போட்ட அறையில் தர்மராஜின் முதுகு நனைந்துவிட்டது.

வாரா வாரம் திருச்சிக்குப் பஸ் ஏறினான். வாசலைக் கிழக்கே திருப்பினான், கூரையை உயர்த்தினான், ஜன்னலை அடைத்தான். வீடு குளிர்ந்தது, சூடேறியது, பிள்ளை மட்டும் வரவில்லை. 'வீடே கட்ட வேண்டாம்' என்று, குடியிருக்கும் வாடகை வீட்டை அளந்து கொண்டுபோய்ப் போட்டான். பாழாய்ப்போன மெஷின்! அங்கேயும் அதே அறுபது குறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளின் கையைத் தொட்டுப் பார்ப்பான்.

"என்னங்க, பிள்ளைக்குக் காய்ச்சலா? எப்பப் பாத்தாலும் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?" என்றாள் ஜானகி.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றான்.

எட்டாவது தடவை, மேற்கு அறையின் அகலத்தைப் பதினோரடியிலிருந்து ஒன்பதடியாகக் குறைத்தான். பிரிண்டர் கிறீச்சிட்டு ஓய்ந்தது. நூற்று நாற்பத்தைந்து.

தர்மராஜ் மனசுக்குள் கழித்தான். குறைவது நூறு. அப்படியென்றால் பிள்ளை இருக்கிறாள், அவள் அம்மாவும் இருக்கிறாள்.

"இது அதவிட மோசம்டா! புரோகிராமே கோளாறு போல. தூக்கிப் போடு." நடராசன் தாளைக் கசக்கப் போனான். தர்மராஜ் அதைப் பிடுங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஊர் திரும்பும் பஸ்ஸில், ரெண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினான்.

மனை முகூர்த்தத்தன்று நூல் பிடித்த கொத்தனார் செல்லப்பன் பாதியில் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் மனையடி சாஸ்திரம் பார்க்காமல் யாரும் கடைக்கால் தோண்டுவதில்லை. எந்த அடி ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"சார், இந்த ரூம்புக்கு ஒம்பதடி வேணாங்க. வூட்டு ஆம்பளைக்கு ஆவாது. பதினொண்ணாப் போட்டுருவோம்."

"மெஷின்ல பாத்தாச்சு. இதுதான் பிள்ளைக்கு நல்லது."

"பிள்ளைக்கு நல்லது, சரிங்க. உங்களுக்கு?"

ஜானகியின் முகம் வெளிறிவிட்டது. "என்னங்க, அவரு சொல்றதக் கேளுங்களேன். ரெண்டடில என்ன வந்துடப் போவுது?"

சரி, பதினொன்றே இருக்கட்டும் என்று சொல்லிவிடத் தர்மராஜுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! சாகப் பயமில்லை என்று யார் சொன்னது? மணலில் சிந்தாமணி ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். விழுந்தாள், எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு மறுபடியும் நொண்டினாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒம்பதுதான் கொத்தனாரே. நூலக் கட்டுங்க."

செல்லப்பன் அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து முளைக்குச்சியை அடித்தார்.